எழுதித் தந்த உறுதி

ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கின் ஆவணத் தொகுப்பில், பெரும்பாலோர் கண்ணில் படாமலே போகிற ஒரு சிறு பக்கம் இருக்கிறது. ஜாங்கோவின் எந்தெந்த வசதிகளை நம்பி நிரல் எழுதலாம், எவை சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடக்கூடும் என்பதை அது வரையறுக்கிறது. வரையறை மிக எளியது: இந்த ஆவணங்களில் எழுதப்பட்டிருப்பவை எல்லாம் பொதுவானவை, அவற்றின் பெயரோ இடமோ மாறினால் பழைய பெயரும் சில காலம் வேலை செய்யும்படி பார்த்துக்கொள்வோம். பாதுகாப்புக் குறை போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்குகளும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கின்றன. நிரலில் இருந்தும் ஆவணத்தில் இல்லாதவற்றுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. மென்பொருள் முதலில் பிறக்கிறது, அதை விவரிக்க ஆவணம் பின்னால் வருகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இந்தப் பக்கமோ அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. மென்பொருளில் எதை நம்பலாம் என்பதையே இங்கே ஆவணம்தான் முடிவு செய்கிறது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் ஆவணங்களை விளக்கக் குறிப்புகளாக மட்டும் பார்க்கிறவரை அவற்றின் மதிப்பு நமக்குப் பிடிபடாது என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதித் தரப்படும் உறுதிமொழிகள் அவை. ஆகவே ஓர் ஆவணத்தின் தரத்தை அதன் நடையையும் அழகையும் வைத்து அளப்பதைவிட, அது என்ன உறுதி தருகிறது, தந்ததைக் காப்பாற்றுகிறதா என்பதை வைத்து அளப்பதே சரி.

ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன என்பதை இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்த இணையதளமானாலும் உள்நுழைவு, படிவம், தரவுத்தளம், நிர்வாகப் பக்கம் என்று திரும்பத் திரும்ப வரும் வேலைகள் உண்டு. அவற்றை ஏற்கெனவே செய்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்துக்கே உரிய பகுதியை மட்டும் நம்மிடம் விடுவது ஃப்ரேம்வொர்க். ஜாங்கோ 2003இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற உள்ளூர்ச் செய்தித்தாளின் இணையப் பிரிவில் உருவானது. தொடங்கியவர்களில் ஏட்ரியன் ஹோலோவாட்டி இதழியல் படித்தவர். சைமன் வில்லிசன் இங்கிலாந்திலிருந்து வேலைப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர். ஜேக்கப் கப்லான்-மாஸ் சற்றுப் பின்னால் சேர்ந்தார். செய்தி சூடு ஆறுவதற்குள் அதற்கான பக்கங்கள் தயாராக வேண்டும் என்ற நெருக்கடியில் எழுதப்பட்ட நிரல், 2005 ஜூலையில் பிஎஸ்டி உரிமத்தின் கீழ் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. செய்தித்தாளில் பிறந்ததால்தான் ஆவணங்கள் நன்றாக அமைந்தன என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால், விஷயம் தெரியாத வாசகருக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அலுவலகத்தில் அது பிறந்தது என்பதை ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை.

பிறப்பைவிட முக்கியமானது பின்னால் வகுத்துக்கொண்ட விதி. ஜாங்கோவின் ஆவணங்கள் நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன. ஒரு புதிய வசதியை அனுப்புகிறவர் நிரலோடு சோதனைகளையும் ஆவணத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சேர்க்கமாட்டார்கள். ஆவணத்தில் உள்ள தவறுக்கும் நிரல் பிழைக்குத் திறப்பதைப் போலவே டிக்கெட் என்ற குறைப் பதிவைத் திறக்கிறார்கள். 2008 செப்டம்பரில் 1.0 பதிப்பு வெளிவந்தபோது, ஜாங்கோ எழுதப்பட்டிருக்கும் பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் எழுதியிருந்த ஸ்ஃபிங்ஸ் என்ற கருவிக்கு இவை மாற்றப்பட்டன. நிரலுக்குள் எழுதிய குறிப்புகளைப் பொறுக்கி ஒரு கருவி தானாகத் தொகுத்துத் தருவதை ஆவணம் என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று கப்லான்-மாஸ் 2009இல் வாதிட்டு எழுதினார். அது சரியான வாதம் என்றே இன்றும் படுகிறது. தானாகத் தொகுக்கப்பட்ட பட்டியலில் எல்லாம் இருக்கும், ஆனால் எதற்கும் யாரும் பொறுப்பேற்றிருக்க மாட்டார்கள்.

பொறுப்பேற்பது என்றால் நடைமுறையில் என்ன ஆகிறது என்பதற்கு மெட்டா என்ற உள்பொருளின் கதை நல்ல சான்று. ஜாங்கோவில் ஒவ்வொரு தரவு மாதிரியும் தன்னிடம் என்னென்ன புலங்கள் உள்ளன என்ற விவரத்தை அந்தப் பொருளில் வைத்திருக்கிறது. அதன் பெயர் அடிக்கோட்டுடன் தொடங்கும். பைத்தான் வழக்கத்தில் அது, வெளியாட்கள் தொட வேண்டாம் என்பதற்கான அடையாளம். ஆனால் அந்த விவரம் இல்லாமல் வேலை ஓடாது என்பதால் பிறர் எழுதிய எத்தனையோ துணைத் தொகுப்புகள் ஆண்டுக்கணக்கில் அதைத் தொட்டுக்கொண்டேதான் இருந்தன. எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் எங்கும் எழுதப்படாத வசதியாக அது நீடித்தது. 2014இல் மாணவர்களுக்கான கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் ஒரு மாணவர் இதை முறைப்படுத்தும் பணியை எடுத்துக்கொண்டார். 2015இல் வந்த 1.8 பதிப்பு அதை அதிகாரபூர்வமான வசதியாக அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருந்ததை அப்படியே எழுதி வைத்துவிட முடியவில்லை. பழைய செயற்கூறுகள் பல ஒன்றோடொன்று மேற்பொருந்திக் கிடந்தன. நெடுங்காலத்துக்கு இப்படியே இருக்கும் என்று யாராலும் வாக்குத் தர முடியாத நிலை. எனவே அவற்றின் இடத்தில் குறைவான, தெளிவான செயற்கூறுகளை வடிவமைத்து, பழையவற்றுக்கு விலகல் அறிவிப்பு கொடுத்து, இரண்டு பதிப்புகள் தள்ளி நீக்கினார்கள். ஒரு வாக்கியத்தை ஆவணத்தில் எழுதுவதற்கு முன் அந்த வாக்கியத்துக்குத் தகுந்தபடி நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. ஆவணம் கடைசி நேர அலங்காரமாக இருந்திருந்தால் இந்தத் திருத்தம் நடந்திருக்கவே நடந்திருக்காது.

இதுவரை சொன்னது மேற்கோள் ஆவணத்துக்குப் பொருந்தும்: இந்தச் செயற்கூறுக்கு இதைக் கொடுத்தால் இது வரும் என்ற வகை. கற்பதற்கான ஆவணம் தருகிற உறுதி வேறு மாதிரியானது. ஜாங்கோ ஆவணங்களின் முகப்பே டுடோரியல்கள், பொருள் விளக்கங்கள், மேற்கோள் பக்கங்கள், செய்முறைக் குறிப்புகள் என்று நான்காகப் பிரித்துக் காட்டுகிறது. ஜாங்கோ குழுவில் நெடுநாள் பங்காற்றியவரான டேனியேலே ப்ரோசிடா இதுபோன்ற நால்வகைப் பிரிவை ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்து, டயாடாக்சிஸ் என்று பெயரிட்டார். வாசகர் கற்க வந்திருக்கிறாரா, வேலை முடிக்க வந்திருக்கிறாரா என்பதைப் பொறுத்து எழுத்து மாற வேண்டும் என்பது அதன் சாரம். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: இந்த நான்கும் நான்கு வேறு உறுதிகள் என்பதால்தான் அவற்றைக் கலக்கக் கூடாது. டுடோரியலின் உறுதி இதுதான்: நான் சொன்னபடி ஒவ்வொரு படியாக வந்தால் நீ கட்டாயம் போய்ச் சேருவாய்.

அந்த உறுதி எவ்வளவு நுட்பமாகச் செயல்படுகிறது என்பதை அதிகாரபூர்வமான டுடோரியலிலேயே பார்க்கலாம். அது ஒரு சிறிய வாக்கெடுப்புத் தளத்தைக் கட்டுகிறது. ஒரு கேள்வி, அதற்குச் சில விடைகள், ஒவ்வொரு விடைக்கும் விழுந்த ஓட்டுகள். இரண்டாம் பகுதியில், ஒரு கேள்வி அண்மையில் வெளியானதா என்று சொல்லும் ஒரு வரிச் செயற்கூறை எழுதச் சொல்கிறது. வெளியான நேரம், இப்போதைய நேரத்துக்கு ஒரு நாள் முந்தைய கணமாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருந்தால் ஆம் என்று அது பதில் தரும். கற்பவர் அதைத் தட்டச்சு செய்கிறார், ஓட்டிப் பார்க்கிறார், சரியாகவே வருகிறது. மூன்று பகுதிகள் தாண்டி, சோதனைகளைப் பற்றிய ஐந்தாம் பகுதிக்கு வந்ததும், அதே செயற்கூறில் பிழை இருப்பதை டுடோரியல் எடுத்துக்காட்டுகிறது. முப்பது நாள் கழித்து வெளியாக வேண்டிய கேள்வியையும் அது அண்மையில் வெளியானது என்கிறது. எதிர்காலமும் நேற்றைவிடப் பிந்தியதுதானே. இப்போது அந்தப் பிழையைப் பிடிக்கும் சோதனையை எழுதி, அது தோற்பதைக் கண்ணால் பார்த்து, பிறகு மேல் எல்லையையும் சேர்த்துத் திருத்தி, சோதனை தேறுவதைப் பார்க்க வேண்டும். சோதனை எதற்கு என்று பக்கம் பக்கமாக உபதேசித்தாலும் வராத புரிதல், தன் கையால் எழுதிய வரி தன்னை ஏமாற்றியிருப்பதைக் காணும்போது வருகிறது. மேற்கோள் பக்கத்தில் இப்படித் தெரிந்தே ஒரு பிழையை வைத்தால் அது துரோகம். டுடோரியலில் அது சிறந்த ஆசிரியத்துவம். பிழைக்குள் கூட்டிப்போன எழுத்தே வெளியேயும் கொண்டுவந்து விடும் என்ற நம்பிக்கை அங்கே முன்கூட்டியே தரப்பட்டிருக்கிறது, அதுதான் வேறுபாடு.

இதே டுடோரியல் தன் உறுதியில் சறுக்குகிற இடமும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜாங்கோவோடு வருகிற பயனர் மாதிரியை அப்படியே வைத்துக்கொண்டு பாதி வழியில் மாற்றுவது கடினமான வேலை. ஆகவே புதிய திட்டத்தைத் தொடங்கும்போதே சொந்தப் பயனர் மாதிரியை அமைத்துக்கொள்ளும்படி, பயனர் அங்கீகாரத்தை விளக்கும் பக்கம் பல பதிப்புகளாகப் பரிந்துரைத்து வந்திருக்கிறது. டுடோரியலோ அதைத் தொடுவதே இல்லை. தொடக்கநிலைக்காரரை அவ்வளவு சீக்கிரம் குழப்ப வேண்டாம் என்பது அதற்கான நியாயம், மறுக்க முடியாத நியாயமும்கூட. ஆனால் டுடோரியலை முடித்த கையோடு அதே அமைப்பில் தன் முதல் நிஜத் தளத்தைத் தொடங்குகிறவர் சில மாதங்கள் கழித்து முட்டிக்கொள்ளும்போது, இரண்டு பக்கங்கள் தனித்தனியே சரியாக இருந்தும் அவற்றுக்கு இடையே தான் கைவிடப்பட்டதை உணர்கிறார். முடிவுப் பகுதியில் இரண்டு வரி எச்சரிக்கை சேர்த்திருந்தால் போதும். உறுதியின் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்வதும் உறுதியின் பகுதிதான்.

மூலநிரலே திறந்து கிடக்கும்போது ஆவணத்தை இவ்வளவு தூக்கிப் பிடிப்பது எதற்கு என்று அனுபவமுள்ள நிரலாளர்கள் கேட்பார்கள். ஆவணம் பொய் சொல்லலாம், நிரல் பொய் சொல்லாது என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. நிரல் இன்று என்ன செய்கிறது என்பதை நிரலைவிடத் துல்லியமாக வேறெதுவும் சொல்ல முடியாது. ஆனால் அது வேண்டுமென்றே அப்படிச் செய்கிறதா, தற்செயலாகவா, நாளையும் அப்படியே செய்யுமா என்பதை நிரல் சொல்லாது. சுவரைத் தட்டிப் பார்த்து வீட்டின் உறுதியைத் தெரிந்துகொள்ளலாம். வீடு யாருக்குப் பாத்தியம் என்பது பத்திரத்தில்தான் இருக்கும். வரிசை குறிப்பிடாமல் தரவுத்தளத்திலிருந்து பதிவுகளைக் கேட்டால் அவை சேர்க்கப்பட்ட வரிசையிலேயே வருவது போலத் தோன்றும். சொந்தக் கணினியில் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தை வைத்து நூறு முறை ஓட்டினாலும் அப்படியே வரக்கூடும். வரிசை குறிப்பிடாவிட்டால் எந்த வரிசையில் வரும் என்று சொல்ல முடியாது என்று ஜாங்கோ ஆவணம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அனுபவத்தை நம்பியவரின் தளம் போஸ்ட்கிரஸ் என்ற வேறொரு தரவுத்தளத்துக்குப் போய், சில பதிவுகள் திருத்தப்பட்டதும் கலைந்துபோகும். எதைத் தர மாட்டோம் என்ற இந்தச் செய்தி நிரலின் எந்த வரியிலும் இல்லை. ஓட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. யாராவது எழுதினால்தான் உண்டு. உரிமம் நிரலைப் படிக்கும் அனுமதியை எல்லாருக்கும் தருகிறது. அந்த அனுமதியைப் பயன்படுத்த முடிகிறவர்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள் மட்டுமே என்றால் அந்தத் திறப்பு பாதித் திறப்புதான்.

ஆவணம் பழசாகிவிடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஹோலோவாட்டியும் கப்லான்-மாஸும் சேர்ந்து எழுதிய ஜாங்கோ நூல் 2007இல் அச்சில் வந்தது. இணையத்தில் இலவசமாகவும் கிடைத்தது. உருவாக்கியவர்களே எழுதிய நல்ல நூல். ஃப்ரேம்வொர்க் வளர்ந்துகொண்டே போக, நூல் பழைய பதிப்பிலேயே நின்றது. ஆசிரியர்களின் பெயரை நம்பி வந்த புதியவர்கள், வேலை செய்யாத எடுத்துக்காட்டுகளோடு மல்லுக்கட்டினார்கள். இணையத்தில் கிடக்கும் பழைய பாடங்கள் அனைத்துக்கும் இந்தக் கதிதான். 2.0 பதிப்பில், ஒரு மாதிரியை இன்னொன்றோடு இணைக்கும் புலத்துக்கு ஆன்-டிலீட் என்ற விவரம் கட்டாயமாக்கப்பட்டது. அதாவது தாய்ப் பதிவு அழிந்தால் சேய்ப் பதிவை என்ன செய்வது என்று சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முந்தைய பாடம் ஒன்றைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவருக்கு, பாடத்தில் சொன்னபடியே செய்தும் பிழைச் செய்திதான் கிடைக்கும். ஆனால் இதிலிருந்து ஆவணம் வீண் என்ற முடிவு வராது. காக்க ஆளில்லாத உறுதி கெடும் என்பதுதான் இதிலிருந்து தெரிவது. அதிகாரபூர்வமான ஆவணத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித் தொகுப்பு உண்டு. ஒரு வசதி எந்தப் பதிப்பில் வந்தது, எதில் மாறியது என்று அந்தந்த இடத்திலேயே குறிப்பு உண்டு. ஆதரவு முடிந்த பதிப்பின் பக்கத்தைத் திறந்தால், இது பாதுகாப்பற்ற பழைய பதிப்பு, புதியதற்கு மாறுங்கள் என்ற பட்டை மேலேயே நிற்கும். நீக்கப்படும் வசதிக்கு முதலில் எச்சரிக்கை, பிறகு அவகாசம், கடைசியில் நீக்கம் என்ற வரிசையும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியாகும் ஒரு திட்டத்தில் இதைச் செய்வது சலிப்பூட்டும் உழைப்பு. தன்னார்வத்தை மட்டும் நம்பி அது நடக்காது என்று உணர்ந்துதான் ஜாங்கோ அறக்கட்டளை 2014 முதல் சம்பளத்துக்கு ஆள் வைத்து, டிக்கெட்டுகளைப் பிரிப்பது, திருத்தங்களைச் சரிபார்ப்பது போன்ற அன்றாட வேலைகளைப் பார்க்கிறது. நன்கொடைப் பணம் செல்ல இதைவிட நல்ல இடம் அதிகம் இருக்க முடியாது.

இன்று எழும் மூன்றாவது மறுப்பு, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பதில் வந்துவிடுகிறதே என்பது. அது தரும் உதவியைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கூச்சப்பட்டுக் கேள்வி கேட்காமலே இருந்துவிடும் மாணவருக்கு, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத ஒன்று கிடைத்திருக்கிறது. தமிழில் கேட்டால் தமிழிலும் சொல்கிறது. ஆனால் அது கற்றுக்கொண்ட எழுத்தில் எல்லாப் பதிப்புகளும் கலந்து கிடக்கின்றன. 4.0 பதிப்பில் நீக்கப்பட்ட யூஆர்எல் செயற்கூறையும் அதன் இடத்தில் வந்த பாத் செயற்கூறையும் ஒரே பதிலில் சேர்த்துத் தந்துவிடக்கூடும். பதில் சரியாக இருக்கும்போதும் அதற்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை; அடுத்த பதிப்பில் அது மாறினால் நமக்குத் தகவல் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. அந்தப் பதில் சரியா என்று பார்க்க வேண்டுமானால் திரும்ப ஆவணத்துக்குத்தான் வர வேண்டும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஆவணம் திருந்துவது வாசகர் தடுக்கி விழுந்து, அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவதால்தான். வாசகர்கள் எல்லாரும் இயந்திரத்திடம் போய்விட்டால் ஆவணத்தில் எங்கே கல் கிடக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. இயந்திரம் கற்றுக்கொள்வதும் அந்தத் திருந்தாத பக்கத்திலிருந்துதான்.

தமிழுக்கு இதில் நேரடியான தொடர்பு உண்டு. ஜாங்கோ ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறது. படிவத்தின் பிழைச் செய்திகள், மாதங்களின் பெயர்கள் போன்றவற்றின் தமிழாக்கம் ஓரளவு அதோடு சேர்ந்தே வருகிறது. தளத்தைப் பயன்படுத்துகிறவருக்குத் தமிழ் கிடைக்கிறது, தளத்தைக் கட்டக் கற்கிறவருக்கு ஆங்கிலம்தான். 2012இல் தொடங்கிய கணியம் இதழும், அதில் து. நித்யா போன்றவர்கள் எளிய தமிழில் என்ற வரிசையில் எழுதிய நூல்களும், தொழில்நுட்பத்தைப் பேச்சுக்கு நெருக்கமான தமிழில் முழுதாக விளக்க முடியும் என்பதைக் காட்டிவிட்டன. இனி எதை எழுதுவது என்பதுதான் கேள்வி. மேற்கோள் பக்கங்களைத் தமிழாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவற்றில் பாதி நிரல் பெயர்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறவை. கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவரும் படித்துவிடக்கூடியவை. தமிழில் வர வேண்டியவை டுடோரியலும் பொருள் விளக்கமும். அவை மெதுவாகத்தான் பழசாகின்றன. அந்த வாக்கெடுப்புத் தளம் இத்தனை ஆண்டுகளாக ஏறக்குறைய அதே வாக்கெடுப்புத் தளம்தான். 2014இல் பெர்லினில் முதல் பயிலரங்கை நடத்திய ஜாங்கோ கேர்ள்ஸ் அமைப்பின் பாடம் நமக்கு இன்னும் பொருத்தமான முன்மாதிரி. இணையம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, ஒரு வலைப்பூவைக் கட்டி, அதைப் பிறர் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவதுவரை கூடவே வருகிறது. மாற்றவும் மொழிபெயர்க்கவும் அதன் உரிமம் இடம் தருகிறது.

வேலைக்குப் போனால் எப்படியும் ஆங்கிலத்தில்தானே படிக்க வேண்டும், முதலிலேயே பழகிக்கொள்ளட்டுமே என்பார்கள். போன பிறகு படிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் முதல் சில நாட்களில் கற்பவரைத் தடுத்து நிறுத்துவது சொல்வளக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. திரையில் பிழை வந்து நிற்கும்போது, தான் தட்டச்சு செய்ததில் தவறா, படித்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டோமா, பாடமே பழசாகிவிட்டதா என்று மூன்று சந்தேகங்கள் ஒன்றாக எழுகின்றன. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாமல், தவறு தன்னிடம்தான் என்று முடிவு கட்டி எழுந்துவிடுகிறார். தமிழில் எழுதிய பாடம் இரண்டாவது சந்தேகத்தைப் பெருமளவு நீக்கும். மூன்றாவதை நீக்க மொழி மட்டும் போதாது. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பக்கத்தின் தலையிலேயே போட்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வெளியாகும்போதெல்லாம் யாராவது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தட்டச்சு செய்து பார்த்துத் திருத்த வேண்டும். மொழிபெயர்க்க ஆள் சேர்ப்பதற்கு முன்னால், அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் இரண்டு பேரைக் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்கலாம்.